கொடிகாமத்தில் வீடும் காணியும் வாடகையும்

யாழ்ப்பாண மாவட்டத்தின் தென்மராட்சிப் பிரதேசத்தில், ஏ9 வீதியில், யாழ் நகருக்குக் கிழக்கே சுமார் 24 கிலோமீற்றரில் கொடிகாமம் உள்ளது. வடக்கே வரணி ஊடாகப் பருத்தித்துறைக்கும் தெற்கே கடல்நீரேரிக் கரையான கச்சாய்க்கும் வீதிகள் இங்கிருந்து பிரிகின்றன. யாழ்ப்பாணம், சாவகச்சேரி, நெல்லியடி, கிளிநொச்சி ஆகிய எந்தப் பக்கமும் காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பலாம். சந்தியை அண்டிய காணிகளுக்குக் கிராக்கி வருவது இதனால்தான்.

1902இல் காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரை ஓடத் தொடங்கிய ரயில் 1905இல் கொழும்புப் பாதையோடு இணைந்தது. வடமராட்சியார் ரயில் பிடிக்கக் கொடிகாமத்துக்கே வந்தார்கள்; பருத்தித்துறைக்கு ஓடிய தட்டிவான்கள் அந்த நாட்களின் அடையாளம். 1990இல் நின்ற சேவை 2014 ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணம் வரை மீண்டது. ஆனாலும் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் நம்புவது பஸ்ஸையும் மோட்டார் சைக்கிளையுமே.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். முகமாலையில் போர்முனை நின்ற காலத்தில் இப்பகுதியில் வீடு கட்டப் பலர் தயங்கினார்கள். 2009இல் போர் முடிந்து ஏ9 வீதி மீண்டும் திறந்தபோது, கூரையில்லாச் சுவர்களும் பற்றை மண்டிய வளவுகளும் மறுபடி விலைபேசப்பட்டன.

காணியை இங்கே பரப்பில் பேசுவார்கள். ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஓர் ஏக்கர். வாங்க வருகிறவர் வீட்டைப் பார்க்குமுன் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்ப்பார். கடல்நீரேரிப் பக்கம் போகப் போக உவர்ப்பு ஏறும் என்பதால் நல்லதண்ணிக் கிணறு விலையை உயர்த்தும். காய்க்கும் தென்னை எத்தனை, பலா எத்தனை என்பதும் பேரத்தில் வரும்.

விலையைவிடச் சிக்கலானது காணி உறுதி. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை இன்றும் யாழ்ப்பாணத் தமிழரின் ஆதனங்களை ஆள்கிறது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, பங்காளிகளுக்கும் உரித்தாளர்களுக்கும் பிறருக்கு முன்பாக வாங்கும் உரிமை உண்டு. வீடு பெரும்பாலும் சீதனமாகப் பெண்ணின் பெயரில் இருக்கும். எனினும் 1911ஆம் ஆண்டுச் சட்டம் அவர் அதை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. சொத்து மனைவிக்கு, கையெழுத்து கணவனுக்கு என்ற இந்த ஏற்பாட்டை நியாயப்படுத்துவது கடினம். போரால் வழக்காட முடியாமற் போனவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு நிவாரணம் தந்தது: 1983 மே முதல் 2009 மே வரையான காலம், பத்தாண்டு ஆட்சியால் உரிமை கோருவோருக்குச் சாதகமாகாதபடி அது தடுத்தது.

வாடகைச் சந்தை சிறியது. ஊரவருக்குப் பெரும்பாலும் சொந்த வளவு உண்டு. வாடகைக்குத் தேடுவோர் இடமாற்றத்தில் வரும் ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், அரச உத்தியோகத்தர்கள். ஆகவே விளம்பரத்தைவிட வாய்வழி விசாரிப்பே வேலை செய்கிறது. வயோதிபப் பெற்றோர் ஒரு பாதியில் இருக்க மறுபாதியை வாடகைக்கு விடுவது வழக்கம். சிறு முற்பணம், தனிக் குசினி, மின்கட்டணத்தில் பங்கு என்று பேச்சு முடியும். வளவில் விழும் தேங்காய் யாருக்கு என்பதை முதலிலேயே தீர்த்துவிடுவது நல்லது.

வெளிநாட்டில் உள்ளவர்களின் பூட்டிய வீடுகள் வேறு கதை. அவற்றில் உறவினர் எவரேனும் வாடகையின்றிக் காவலுக்கு இருப்பார். வெளியாருக்கு விட்டால் எழுப்புவது கஷ்டம் என்ற பயத்தில் பலர் வாடகையையே வேண்டாம் என்கிறார்கள். வாடகை வீடுகளுக்குத் தட்டுப்பாடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2022இல் ரூபாய் சரிந்து ஒரு டொலர் 360 ரூபாயைத் தொட்டபோது, பவுணிலும் யூரோவிலும் உழைப்போருக்குக் காணி மலிவானது. மாதச் சம்பளக்காரருக்குச் சீமெந்தும் கம்பியும் எட்டாமற் போயின. ஆயினும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர் காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்கு அந்தத் தடை இல்லை. மற்றவர்கள் ஊரிலுள்ள சகோதரர் பெயரில் வாங்குகிறார்கள். பிற்காலத்தில் நொத்தாரிசுவிடம் வரும் குடும்பப் பிணக்குகளில் ஒரு பகுதி இங்கிருந்தே தொடங்குகிறது.