குற்றவாளி மாடு அல்ல!

கரியமாணிக்கம், பாகூர் பக்கம் இருப்பவர்களுக்குப் பிச்சாவரம் ஒரு பகல் பயணம்தான். 'இதயக்கனி' (1975) படத்தில் பார்த்திருப்பீர்களே, அதே சுரபுன்னைக் காடு!

அந்தக் காடு ஒரு காலத்தில் நடுநடுவே மொட்டையாகிக் கிடந்தது. யார் காரணம்? 'ஊர்க்காரன் வெட்டுறான், மாடு மேயுது' என்று பழியைக் கிராமத்தின் தலையில் போட்டார்கள்.

1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. வெள்ளைக்காரன் காலத்து வனத்துறை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து மொத்தமாக வெட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகும் வெட்டு நிற்கவில்லை. மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் காய்ந்து, மண் அமுங்கி, தரை தொட்டி மாதிரி குழிந்தது. நம் கடலில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறாது. குழிக்குள் வந்த தண்ணீர் திரும்ப வழியில்லாமல் தேங்கி, சுண்டி, உப்பாகிவிட்டது. அதில் எந்தக் கன்றை நட்டு என்ன பயன்?

ஆகவே, முதலில் மண்வெட்டி! மீன்முள் மாதிரி நடுவே ஒரு வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஓதம் தினமும் வந்து உப்பைக் கழுவியது. பிறகுதான் கன்று, அதிலும் உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டலே அதிகம். திட்டம்போட வனத்துறையோடும் விஞ்ஞானிகளோடும் உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? குற்றவாளிக் கூண்டில் நின்ற அதே ஊர்க்காரர்கள்!

காடு துளிர்த்தது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனால், வாய்க்கால் தூர்ந்துபோகும். அவ்வப்போது வாராவிட்டால் பழைய கதைதான்.

கடலோரத்தில் கன்று நடும் போட்டோவை இனி பேப்பரில் பார்த்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: 'தண்ணி வந்து போக வழி வெச்சிருக்கீங்களா?'