ஆடைவிதியும் ஓர் ஆட்டக்காரரும்

எதை உடுத்த வேண்டும் என்று பிறர் ஆணையிடும் பருவம் பள்ளிச் சீருடையோடு முடிந்துவிடுகிறது என்றே நாம் பெரும்பாலும் எண்ணுகிறோம். பல லட்சம் டாலர் ஊதியம் பெறும் வளர்ந்த மனிதர்களுக்கு அப்படியோர் ஆணை 2005 அக்டோபரில் பிறந்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான என்.பி.ஏ.வின் ஆணையர் டேவிட் ஸ்டெர்ன், அணிப் பணியில் இருக்கும் ஆட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டியவற்றைப் பட்டியலிட்டார். டி-ஷர்ட், அரைக்கால் சட்டை, சட்டைக்கு மேல் தொங்கும் சங்கிலி, கூடத்துக்குள் கறுப்புக் கண்ணாடி, பேட்டியின்போது தொப்பி ஆகியவை அதில் இருந்தன.

பின்னணியைச் சொல்லாமல் இதைப் புரிந்துகொள்ள இயலாது. 2004 நவம்பர் 19 அன்று டெட்ராய்ட் அருகே நடந்த ஆட்டமொன்றில் வீரர்கள் சிலர் பார்வையாளர் பகுதிக்குள் ஏறிக் கைகலந்தார்கள். ரான் ஆர்டெஸ்ட் அந்தப் பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் அனைத்திலிருந்தும் விலக்கப்பட்டார். தன் முகத்தைச் செப்பனிட விரும்பிய கூட்டமைப்பு ஆடையில் கைவைத்தது. பின்னிய தலைமுடியும் பச்சை குத்திய உடலும் தொளதொளத்த உடுப்புமாக வலம் வந்த ஆலன் ஐவர்சன், கொலைகாரனுக்குக் கோட்டு மாட்டினாலும் அவன் கொலைகாரனே என்ற பொருளில் பதில் சொன்னார். விதி எந்த நிறத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பட்டியலைப் படித்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை.

அப்போது லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் பள்ளி மாணவராக இருந்தவர் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக். 2008இல் நான்காவது தேர்வாக சியாட்டில் அணி அவரை எடுத்தது. சில நாட்களிலேயே அந்த அணி ஓக்லஹோமா நகருக்குக் குடிபெயர்ந்தது. 2012இல் அவ்வணி இறுதிச் சுற்றுவரை சென்றபோது, ஆட்டம் முடிந்த பேட்டிகளில் அவர் பளீரென்ற அச்சுச் சட்டையும் வில்லையில்லாத சிவப்புச் சட்டக் கண்ணாடியும் அணிந்து அமர்ந்தார். சிரித்தவர்கள் பலர். ஆனால் விதியை அவர் மீறவில்லை என்பதுதான் சுவையான செய்தி.

உடுப்பில் மினுக்கும் ஆட்டக்காரர் புதியவரல்லர். நியூயார்க் நிக்ஸ் அணியின் வால்ட் ஃப்ரேசியர் 1970களிலேயே அகன்ற விளிம்புத் தொப்பியோடு பேர்பெற்றவர். வெஸ்ட்புரூக் தலைமுறைக்கு வாய்த்த மேடைதான் வேறு. காரிலிருந்து உடைமாற்றும் அறைவரை நீளும் அந்த நடைபாதையில் புகைப்படக் கருவிகள் காத்திருந்தன. அடக்குவதற்காக எழுதப்பட்ட விதி, அடங்காதவர்களுக்கு அரங்கேற்றம் செய்துவைத்தது.

2016 நவம்பர் 3 அன்று நடந்ததை எப்படி வகைப்படுத்துவது? எட்டாண்டு உடன் ஆடிய கெவின் டுராண்ட் அந்தக் கோடையில் கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போயிருந்தார். டுராண்டுக்குப் புகைப்படக் கலையில் நாட்டம். அவ்வாண்டு அமெரிக்கக் கால்பந்தின் சூப்பர் பௌல் ஆட்டத்தை அனுமதி பெற்ற புகைப்படக்காரராகவே எடுத்திருந்தார். பிரிவுக்குப்பின் இருவரும் முதன்முதலில் எதிரெதிரே ஆடிய அன்று, புகைப்படக்காரர் என்று பொறித்த ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு வெஸ்ட்புரூக் அரங்குக்குள் நடந்தார். ஒரு சொல் பேசவில்லை. ஆட்டத்தில் அவர் அணி 26 புள்ளிகளில் தோற்றது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் பருவத்தில் அவர் ஆட்டமொன்றுக்குச் சராசரியாக 31.6 புள்ளிகள், 10.7 ரீபவுண்டுகள், 10.4 அசிஸ்டுகள் எடுத்தார். மூன்றிலும் பத்துக்குக் குறையாத சராசரி, 1961-62இல் ஆஸ்கர் ராபர்ட்சனுக்குப்பின் அதுவரை வேறெவருக்கும் வாய்த்திராதது. மிகச் சிறந்த வீரர் விருதும் 2017இல் வந்தது. மற்ற வெற்றிகளைப் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதிவிட்டன.

வடிவமைப்புக்கு அவர் படிப்படியாகவே வந்தார். 2014இல் நியூயார்க்கின் பார்னீஸ் கடையோடு சேர்ந்து ஓர் ஆடைத் தொகுப்பு. அதே காலத்தில் கண்ணாடிச் சட்டகங்கள். இவையெல்லாம் புகழ்பெற்ற பெயரை ஒட்டிக்கொண்ட பண்டங்கள் என்று ஒதுக்கிவிடலாம். நாமும் அப்படித்தான் ஒதுக்கினோம். 2017இல் தொடங்கிய 'ஹானர் தி கிஃப்ட்' எம் கருத்தை மாற்றியது. அதன் உடுப்புகள் பாரிஸைப் பார்த்துப் பிறந்தவையல்ல. லாஸ் ஏஞ்சலிஸின் உழைக்கும் தெருக்களைப் பார்த்துப் பிறந்தவை. அந்தத் தெருக்களில் வளர்ந்த எல்லோராலும் அவற்றை வாங்க இயலுமா என்ற கேள்வி நம்மிடம் மீதமிருக்கிறது. ஆயினும் அவர் விற்பவற்றைப் பாருங்கள்: தளர்ந்த கால்சட்டை, பட்டறைச் சட்டை, தொப்பி, அரைக்கால் சட்டை, டி-ஷர்ட்.