திரிபலா, ஹிங்வாஷ்டக சூரணங்களை எவ்வேளையில் உட்கொள்வது?

செரிமானத்திற்கான ஆயுர்வேத சூரணங்கள் அனைத்திற்கும் ஒரே வேளை பொருந்தாது. எத்தொல்லைக்காக உட்கொள்கிறீர்கள் என்பதே வேளையை முடிவு செய்யும்.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சேர்ந்த திரிபலா சூரணத்தை மலச்சிக்கலுக்கு இரவு படுக்கச் செல்லும் முன் வெதுவெதுப்பான நீரில் கலந்து அருந்துவது வழக்கம். காலையில் மலம் இளகிக் கழியும். இரவில் எழுந்து நடக்கத் தடுமாறும் முதியவருக்கு இவ்வேளை ஏற்றதா என்பதை அவரைப் பராமரிப்பவர் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

வயிற்று உப்புசம், பசிமந்தம் ஆகியவற்றுக்கு உரியது ஹிங்வாஷ்டக சூரணம். பெருங்காயம், சுக்கு, மிளகு, திப்பிலி முதலியன அடங்கிய இதனை நெய்யுடன் சோற்றில் பிசைந்து முதல் கவளமாக உண்பர். இதில் இந்துப்பும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. உயர் இரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரக நோய் உடையோர் மருத்துவரின் ஒப்புதலின்றி இதனை உட்கொள்ளலாகாது.

காலையில் வெறும் வயிற்றில் தைராக்சின் மாத்திரை உட்கொள்வோர், அதனுடன் எச்சூரணத்தையும் சேர்க்க வேண்டாம். நீரிழிவு மருந்து, வார்ஃபரின் ஆகியவற்றை உட்கொள்வோரும் கருவுற்றோரும் தாமாகத் தொடங்கக் கூடாது. "இயற்கை மருந்துதானே" என்று எண்ணி மருத்துவரிடம் கூறாமல் விடுவது பரவலாகக் காணப்படுகிறது.

மலத்தில் இரத்தம், தார் போன்ற கரிய மலம், காரணமின்றி உடல் எடை குறைதல், வாந்தியுடன் கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று இருப்பினும், சூரணத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.