கோட்டைத் தொடாத புள்ளி

முப்பரிமாண மென்பொருளில் வளைகோடு வரையத் தொடங்கும் எவரையும் முதலில் குழப்புவது ஒன்றுதான். கோட்டை மாற்ற உதவும் புள்ளிகளில் பல கோட்டின் மேல் இருப்பதில்லை. விலகி வெளியே நிற்கின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தால் கோடு அதன் பக்கம் சாய்கிறதே தவிர, அதைச் சென்று தொடுவதில்லை. கணக்கு எளிதாக வேண்டும் என்பதற்காக வடிவமைப்பாளர் தலையில் கட்டப்பட்ட சங்கடம் இது என்று பலர் நினைக்கிறார்கள். இந்தக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளின் வரலாறு அதற்கு நேர்மாறானது. அந்த விலகல்தான் உண்மையான கண்டுபிடிப்பு. அது பிறந்தது வடிவமைப்பவரின் தேவையிலிருந்து.

கணினிக்கு முன்பு, கப்பல் கட்டுமிடங்களில் மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, ஈயக் கட்டிகளை வைத்து அதை நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுப்பார்கள். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ளைன் என்று பெயர். கட்டி எங்கே பிடிக்கிறதோ அந்த இடத்தின் வழியாகவே கோடு போயாக வேண்டும். கார் தொழிற்சாலைகளில் சிக்கல் இன்னும் பெரிது. கலைஞரின் ஓவியம் முழு அளவு வரைபடமாகி, பிறகு களிமண் மாதிரியாகி, கடைசியில் மூலமாதிரியாக மாறும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கை வடிவத்தைத் தன் போக்கில் சற்றுத் திருத்தியது. வரைபடமும் மாதிரியும் முரண்பட்டால் எதை நம்புவது என்பதற்குத் திட்டமான விடை இல்லை. எண்களால் இயங்கும் வெட்டு இயந்திரங்கள் வந்தபோது, வடிவத்தையே எண்களில் எழுதிவைக்கும் வழி அவசியமாயிற்று.

அந்த வழியைப் பிரான்சில் இருவர் தனித்தனியே கண்டனர். 1958இல் சித்ரோயன் நிறுவனத்தில் சேர்ந்த கணிதவியலாளர் பால் தெ காஸ்தெல்ஜோ, அடுத்த ஆண்டே தம் முறையை எழுதிவைத்தார். நான்கு புள்ளிகளை வரிசையாக இணைத்தால் மூன்று கோட்டுத்துண்டுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு, அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒன்று. அந்த ஒன்றின் நடுப்புள்ளி வளைகோட்டின் மேல் இருக்கும். பாதிக்குப் பதிலாக வேறு விகிதங்களில் பிரித்துக்கொண்டே போனால் முழு வளைகோடும் கிடைத்துவிடும். சித்ரோயன் இதை ரகசியமாகப் பூட்டிவைத்தது. ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியேயோ 1960களில் யூனிசர்ஃப் என்ற அமைப்பை உருவாக்கி, அதைப் பற்றி வெளிப்படையாகவும் எழுதினார். வளைகோட்டுக்கு அவர் பெயர் நிலைத்தது அதனால்தான்.

கோடு புள்ளியின் வழியாகவே போனால் இன்னும் இயல்பாக இருக்காதா என்று கேட்பது நியாயம். சில இடங்களில் அதுவே சரி. அளந்தெடுத்த புள்ளிகளிலிருந்து பழைய பொருளொன்றின் வடிவை மீட்கும்போது கோடு அவற்றைத் தொட்டே ஆக வேண்டும். ஆனால் புதிய வடிவத்தைத் தேடுபவருக்கு அது விலங்கு. சம இடைவெளியில் உள்ள பல புள்ளிகள் வழியாக உயர்படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றைச் செலுத்தினால் ஓரங்களில் அது கட்டற்று அலைபாயக்கூடும் என்று கணிதவியலாளர் கார்ல் ரூங்கே 1901இலேயே காட்டிவிட்டார். கட்டுப்பாட்டுப் புள்ளிகளால் ஆன கோடு அப்படி மீறாது. புள்ளிகளை வளைத்துச் சுற்றும் எல்லைக்குள்ளேயே நிற்கும்; புள்ளிகளை இணைக்கும் பலகோணத்தைவிட அதிகமாக ஒருபோதும் நெளியாது. கார் கதவின் மேல் விழும் ஒளி, மிகச் சிறிய நெளிவையும் காட்டிக்கொடுத்துவிடும். அங்கே இந்த அடக்கம்தான் எல்லாம்.

இன்னொரு மறுப்பும் உண்டு: இந்தக் கணிதம் புதிதே அல்ல, கணிதவியலாளர் செர்கேய் பெர்ன்ஸ்டைன் 1912இலேயே எழுதிய கோவைகள்தானே இவை என்பது. உண்மைதான். ஆனால் பெர்ன்ஸ்டைன் அவற்றைக் கொண்டுவந்தது ஒரு தேற்றத்தை நிறுவுவதற்காக. கொடுத்த மதிப்புகளை அவை மிக மெதுவாகவே நெருங்குவதால், கணக்கிடும் வேலைக்கு உதவாதவை என்றே கருதப்பட்டன. அந்த மந்தத்தையே மென்மையாகக் கண்டதில்தான் தொழிற்சாலைப் பொறியாளரின் புதுமை இருக்கிறது. தோராயத்துக்குக் குறையாக இருந்தது, வடிவமைப்புக்கு வரமாயிற்று.

பின்னால் வந்தவை இதே அடித்தளத்தின் மேல் எழுந்தவை. பெசியே வளைகோட்டில் ஒரு புள்ளியை நகர்த்தினால் முழுக்கோடும் அசையும். அந்தக் குறையைத் தீர்க்க, 1974இல் கோர்டன், ரீசன்ஃபெல்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பி-ஸ்ப்ளைன் என்ற வளைகோட்டை வடிவமைப்புக்குக் கொண்டுவந்தனர். நகர்த்திய புள்ளிக்கு அருகிலுள்ள பகுதி மட்டுமே மாறியது. 1975இல் கென் வெர்ஸ்பிரில் தம் ஆய்வேட்டில் புள்ளிகளுக்கு எடையும் சேர்க்க, வட்டத்தைக்கூடத் துல்லியமாக வரைய முடிந்தது. இன்று ரைனோ, பிளெண்டர் ஆகிய மென்பொருள்களில் நர்ப்ஸ் என்று நாம் காண்பது அந்த வழிவந்தது.

இந்த வரலாறு பயில்பவருக்கு ஒரு நடைமுறைப் பாடமும் தருகிறது. கோடு சொன்னபடி கேட்கவில்லை என்றால் உடனே புள்ளிகளைக் கூட்டாதீர்கள். இருக்கும் சிலவற்றை நகர்த்திப் பாருங்கள். அப்படி நகர்த்துவதற்காகவே அவை கோட்டுக்கு வெளியே வைக்கப்பட்டன. புள்ளிகளை நகர்த்தும் இந்த எண்ணம் பெசியேயிடமிருந்து நேராக வந்ததல்ல; அவர் தம் முதல் வடிவில் எழுதியது பலகோணத்தின் பக்கங்களை. அதைப் புள்ளிகளின் மொழியில் 1972இல் விளக்கியவர் ராபின் ஃபாரஸ்ட். தெ காஸ்தெல்ஜோவோ தொடக்கத்திலிருந்தே புள்ளிகளைக் கொண்டுதான் சிந்தித்தார். ஆகவே, பெசியே பெயரைச் சொல்லிக் கற்பிக்கும் ஒவ்வொரு ஆசிரியரும் தெ காஸ்தெல்ஜோவின் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.