அரை நொடித் தாமதம்

2018 நவம்பரில் ‘ஈவென்ட்-ஸ்ட்ரீம்’ என்ற பேக்கேஜுக்குள் திருட்டு நிரல் இருப்பது அம்பலமானது. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை வைத்திருக்கும் என்பிஎம் கிடங்கிலிருந்து வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் முறை டவுன்லோடு ஆகிக்கொண்டிருந்த பேக்கேஜ் அது. எழுதியவர் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டிருந்தார். அதிலிருந்து அவருக்கு ஒரு பைசா வருமானமும் இல்லை. ‘இனி நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று முன்பின் அறியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்ப, பொறுப்பை ஒப்படைத்துவிட்டார். வந்தவர் ‘ஃப்ளாட்மேப்-ஸ்ட்ரீம்’ என்ற இன்னொரு பேக்கேஜை அதில் கோத்துவிட்டார். கோப்பே என்ற பிட்காயின் வாலட்டில் கைவைப்பதுதான் அவருடைய குறி.

பலர் பழைய பராமரிப்பாளரைத் திட்டித் தீர்த்தார்கள். அது அநியாயம். இலவசமாக எடுத்துப் பயன்படுத்திய நிறுவனங்களில் எத்தனை அவருடைய சுமையைப் பற்றிக் கேட்டன?

அதே ஓட்டை வழியாக இன்னும் பொறுமைசாலியான ஒருவர் நுழைந்தார். ‘எக்ஸ்இசட்’ என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருப்பது. பின்லாந்தைச் சேர்ந்த லாஸ்ஸே காலின் ஏறத்தாழத் தனியாளாக அதைப் பராமரித்துவந்தார். 2021-இல் ‘ஜியா டான்’ என்ற பெயரில் ஒருவர் சின்னச் சின்னத் திருத்தங்களை அனுப்பத் தொடங்கினார். 2022-இல் வேறு சில பெயர்களிலிருந்து நச்சரிப்பு: வேலை ஏன் நகரவில்லை, வேறு ஆளைச் சேர்க்கக் கூடாதா? தனக்கு நீண்ட நாளாக மனநலச் சிக்கல் இருப்பதையும், இது சம்பளமில்லாத வேலை என்பதையும் காலின் வெளிப்படையாகவே எழுதினார். அந்த அசதிதான் எதிரிக்குக் கதவு திறந்தது. 2023-இல் புதிய பதிப்பை வெளியிடும் அதிகாரமே ஜியா டான் கைக்கு வந்துவிட்டது.

2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளக்கதவு இருந்தது. அதன் உடல் பகுதி, சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் கிடந்தது. அதை உயிர்ப்பிக்கும் வரிகளோ வெளியீட்டுக்காகத் தொகுத்த டார் கோப்பில் மட்டுமே இருந்தன. எல்லோரும் பார்க்கும் மூல நிரல் களஞ்சியத்தில் இல்லை. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவைதான் இலக்கு. அந்தச் சேவை எக்ஸ்இசட்டை நேரடியாகத் தொடுவதே இல்லை. ஆனால் சில லினக்ஸ் வெளியீடுகள், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியோடு பேசுவதற்காக எஸ்எஸ்ஹெச்சில் ஒட்டுப்போட்டிருந்தன. அந்த வழியில் எக்ஸ்இசட்டின் நூலகமும் கூடவே உள்ளே வந்தது.

பிடித்தவர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட்; மைக்ரோசாஃப்டில் வேலை பார்த்த போஸ்ட்கிரெஸ் தரவுத்தள நிரலாளர். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் ‘அன்ஸ்டேபிள்’ பதிப்பில் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்ஹெச் லாகின் 0.3 நொடிக்குப் பதில் 0.8 நொடி எடுப்பது அவர் கண்ணில் பட்டது. விடாமல் தோண்டி, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். லினக்ஸ் வெளியீடுகளின் நிலையான பதிப்புகளுக்குப் பரவும் முன்பே கள்ளக்கதவு தடுக்கப்பட்டது.

ஜியா டான் யார் என்பது இன்றுவரை வெளிவரவில்லை. கள்ளக்கதவை அகற்றிய 5.6.2 பதிப்பு 2024 மே மாத இறுதியில் வந்தது. அதை வெளியிட்டவர் லாஸ்ஸே காலின்.