இரட்சணிய யாத்திரிகம்

இரட்சணிய யாத்திரிகம் என்பது எச். ஏ. கிருஷ்ணபிள்ளை (1827-1900) இயற்றிய தமிழ்க் கிறித்தவக் காப்பியம் ஆகும். ஆங்கில எழுத்தாளர் ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் புரோகிரஸ்' என்னும் உரைநடை உருவகக் கதையைத் தழுவி இது எழுதப்பட்டது. முதற்பதிப்பு 1894ஆம் ஆண்டு வெளிவந்தது. மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட இந்நூல், இயேசு கிறித்துவின் சிலுவை மரணத்தையும், மனிதன் தன் நற்செயலால் அன்றி இறையருளாலேயே மீட்படைகிறான் என்னும் கிறித்தவக் கோட்பாட்டையும் தமிழ்க் காப்பிய மரபில் விரித்துரைக்கிறது.

பெயர்க் காரணம்

'இரட்சணியம்' என்பது காத்தல் என்னும் பொருளுடைய வடசொல் அடியாகப் பிறந்தது. பாவத்திலிருந்தும் அதன் விளைவிலிருந்தும் மனிதன் விடுவிக்கப்படுவதை இது குறிக்கும். 'யாத்திரிகம்' என்பது பயணத்தைக் குறிக்கும். எனவே நூற்பெயர் 'மீட்பை நோக்கிய பயணம்' எனப் பொருள்படும். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையினர் இக்கருத்துகளை இரட்சிப்பு, கிருபை என்னும் சொற்களால் வழங்குவர். 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் மீட்பு, அருள் என்னும் சொற்கள் ஆளப்பட்டுள்ளன.

ஆசிரியர்

கிருஷ்ணபிள்ளை திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே கம்பராமாயணத்திலும் தமிழ் இலக்கணத்திலும் பயிற்சி பெற்றார். 1853இல் சாயர்புரத்திலிருந்த கிறித்தவக் கல்விக்கூடத்தில் தமிழாசிரியரானார். அப்போது அவர் கிறித்தவர் அல்லர். 1858இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்று, ஹென்றி ஆல்பிரெட் என்னும் பெயரை ஏற்றார். அப்பெயரின் முதலெழுத்துகளே 'எச். ஏ.' என வழங்குகின்றன. தாம் கிறித்தவரான வரலாற்றை அவர் உரைநடையிலும் எழுதியுள்ளார்.

'இரட்சணிய மனோகரம்', 'இரட்சணிய சமய நிர்ணயம்' ஆகியன இவருடைய பிற நூல்கள். காப்பியப் புலமை காரணமாக இவர் 'கிறித்தவக் கம்பர்' எனப் போற்றப்படுகிறார்.

மூலநூல்

பனியன் (1628-1688) இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு பகுதியைச் சேர்ந்தவர். அரசு ஏற்ற திருச்சபையின் உரிமம் இன்றிச் சமய உரை நிகழ்த்தியதற்காக 1660 முதல் 1672 வரை சிறையில் இருந்தார். அவருடைய கதையில், அழிவுக்குரிய நகரில் வாழும் ஒருவன் முதுகில் பெருஞ்சுமையுடன் விண்ணக நகரை நோக்கிப் புறப்படுகிறான். அச்சுமை பாவத்தைக் குறிக்கும். வழியில் சேறு, மலை, காவல் மிகுந்த கோட்டை, மாயச் சந்தை ஆகியவற்றைக் கடந்து, இறுதியில் ஓர் ஆற்றைத் தாண்டி அந்நகரை அடைகிறான்.

அருட்கோட்பாட்டைப் புரிந்துகொள்ள இக்கதையின் இரு நிகழ்ச்சிகள் முதன்மையானவை:

- உலகியல் அறிவுடைய ஒருவன், ஒழுக்க நெறியைக் கைக்கொண்டாலே சுமை நீங்கிவிடும் என்று பயணிக்கு அறிவுரை கூறுகிறான். அவ்வழியே சென்ற பயணி, திருச்சட்டத்தின் அடையாளமான சீனாய் மலையின் அடியில் அஞ்சி நிற்கிறான். அவனுடைய சுமை முன்னிலும் கனக்கிறது.
- பின்னர் அவன் சிலுவை நாட்டப்பட்ட ஒரு மேட்டை அடைகிறான். சிலுவையைக் கண்ட அளவில் சுமை தானே கழன்று, உருண்டோடிக் கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அதனை அவன் அவிழ்க்கவும் இல்லை. இறக்கி வைக்கவும் இல்லை.

காப்பிய அமைப்பு

நூல் ஐந்து பருவங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது.

1. ஆதி பருவம்
2. குமார பருவம்
3. நிதான பருவம்
4. ஆரணிய பருவம்
5. இரட்சணிய பருவம்

பருவங்கள் படலங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. காப்பியச் செய்யுள்களுக்கு இடையே 'தேவாரம்' என்னும் பெயரில் இசைப்பாக்களும் அமைந்துள்ளன. சைவ மரபுக்குரிய ஒரு பெயரைக் கிறித்தவப் பக்திப் பாடல்களுக்கு ஆசிரியர் எடுத்தாண்டது குறிப்பிடத்தக்கது.

சிலுவைப்பாடு

பனியனின் கதையில் சிலுவை ஓர் அடையாளமாக மட்டுமே நிற்கிறது. இயேசுவின் பாடுகள் அங்கே விரிவாகக் கூறப்படுவதில்லை. கிருஷ்ணபிள்ளை இவ்விடத்தில் மூலத்திலிருந்து விலகுகிறார். குமார பருவத்தின் இரட்சணிய சரித படலத்தில், நற்செய்தி நூல்களைப் பின்பற்றி இயேசுவின் இறுதி நாட்களை விரித்துப் பாடுகிறார். ஆளுநர் பொந்தியு பிலாத்துவின் முன் நடந்த விசாரணையும், முள்முடி சூட்டப்பட்டதும், மக்களின் ஏளனமும், அனைத்தையும் இயேசு எதிர்ப்பின்றி ஏற்றதும் அவலச் சுவை மிகப் பாடப்பட்டுள்ளன. இக்கொடுமையைக் கண்டும் மண் பிளக்கவில்லையே, வானம் இடியவில்லையே எனக் கண்டோர் வருந்துவதாகப் பாடுவது தமிழ்ப் புலம்பல் மரபைச் சார்ந்தது.

இதனால் கதையின் பொருளும் ஆழமடைகிறது. பயணியின் சுமை எவ்வித விலையும் இன்றி நீங்கவில்லை. அதன் விலையை இன்னொருவர் செலுத்தினார் என்பதைப் படிப்பவர் முன்னரே உணர்ந்துவிடுகிறார்.

அருளும் சரணாகதியும்

மீட்பு என்பது இறைவனின் கொடை, செயல்களுக்குரிய கூலி அன்று என்னும் கருத்து பவுலின் திருமுகங்களில், சிறப்பாக எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் காணப்படுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் இதனைத் தம் சீர்திருத்தத்தின் மையமாக்கினார். கத்தோலிக்கத் திருச்சபைக்கும் லூத்தரன் திருச்சபைகளுக்கும் இடையே நீண்டகாலம் நீடித்த இவ்விவாதத்தில், 1999 அக்டோபர் 31 அன்று அவுக்சுபர்க் நகரில் கையெழுத்தான கூட்டறிக்கை அடிப்படை உடன்பாட்டை எட்டியது.

தமிழ் வைணவத்திலும் இதனையொத்த கேள்வி உண்டு. இறையருளைப் பெற உயிரின் முயற்சி வேண்டுமா என்பதில் வடகலையாரும் தென்கலையாரும் வேறுபடுவர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலைக்கும், தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலைக்கும் உவமையாகக் கூறுவது மரபு. எனவே வைணவச் சூழலில் வளர்ந்த கிருஷ்ணபிள்ளைக்கு 'அருள்' என்பது அயலான சொல்லாக இருந்திருக்க இயலாது. எனினும் இரண்டும் ஒன்றெனக் கொள்ளுதல் பொருந்தாது. கிறித்தவக் கோட்பாட்டில் அருளானது, பொந்தியு பிலாத்துவின் ஆட்சிக்காலத்தில் நிகழ்ந்த ஒரு மரணத்தோடு பிரிக்கவியலாதபடி பிணைக்கப்பட்டுள்ளது.

இலக்கிய இடம்

வீரமாமுனிவர் 1726இல் இயற்றிய தேம்பாவணி, சூசையப்பரைத் தலைவராகக் கொண்டது. இரட்சணிய யாத்திரிகத்தின் தலைவனோ அரசனோ புனிதனோ அல்லன். தன் சுமையால் வருந்தும் ஒரு பாவி. தன்னேரில்லாத தலைவனைப் போற்றும் காப்பிய மரபில் இது ஒரு பெரும் மாற்றமாகும். இந்நூலின் சிலுவைப்பாட்டுப் பகுதி, தமிழ்நாட்டில் 2019இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இடம்பெற்றது.

இவற்றையும் பார்க்க

- தேம்பாவணி
- கம்பராமாயணம்
- ஜான் பனியன்