வருங்கால வைப்பு நிதி இல்லாதோருக்கு ஓய்வூதியம்: தாராவித் தொழிலாளர்கள் முன் உள்ள மூன்று வழிகள்

மும்பை: தாராவியின் தோல் பட்டறைகள், தையல் கூடங்கள், இட்லி தயாரிக்கும் வீடுகள் ஆகியவற்றில் உழைப்போரில் பெரும்பாலோருக்கு வருங்கால வைப்பு நிதி கிடையாது. 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கே அது கட்டாயம் என்பதால், சிறு பட்டறைகள் அதன் வரம்புக்குள் வருவதில்லை. அருகிலுள்ள மாட்டுங்கா, செம்பூரில் வசிக்கும் நிறுவன ஊழியர்களின் சம்பளத்தில் வழக்கமாக 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. நிறுவனமும் அதே அளவு செலுத்துகிறது. பட்டறைத் தொழிலாளர்களோ முதுமைக்கான சேமிப்பைத் தாமே தேர்வு செய்ய வேண்டியுள்ளது.

அடல் ஓய்வூதியத் திட்டம்

2015-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் 18 முதல் 40 வயது வரை உள்ளோர் வங்கி அல்லது அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு மூலம் சேரலாம். 60 வயதுக்குப் பின் மாதம் ரூ.1,000 முதல் ரூ.5,000 வரை ஓய்வூதியத்துக்கு உத்தரவாதம் உண்டு. சந்தாதாரர் மறைந்தால் வாழ்க்கைத் துணைக்கு அதே தொகை கிடைக்கும். வருமான வரி செலுத்துவோர் 2022 அக்டோபர் 1 முதல் இதில் சேர இயலாது.

சேரும் வயதே செலவைத் தீர்மானிக்கிறது. ரூ.5,000 ஓய்வூதியம் பெற 18 வயதில் சேர்பவர் மாதம் ரூ.210 செலுத்த வேண்டும். 42 ஆண்டுகளில் மொத்தம் ரூ.1,05,840. 40 வயதில் சேர்பவர் மாதம் ரூ.1,454 செலுத்த வேண்டும். 20 ஆண்டுகளில் மொத்தம் ரூ.3,48,960.

எனினும் இந்த ஓய்வூதியம் விலைவாசிக்கு ஏற்ப உயர்வதில்லை. பணவீக்கம் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று கொண்டால், 30 ஆண்டுகளுக்குப் பின் கிடைக்கும் ரூ.5,000-இன் வாங்கும் திறன் இன்றைய சுமார் ரூ.870-க்கே சமம். எனவே இதனை அடித்தளமாகக் கொள்ளலாமே தவிர, முழுப் பாதுகாப்பாகக் கருத இயலாது.

பொது வருங்கால வைப்பு நிதி

1968-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள இக்கணக்கில் ஆண்டுக்குக் குறைந்தது ரூ.500, அதிகபட்சம் ரூ.1.5 லட்சம் செலுத்தலாம். 2020 ஏப்ரலில் நிர்ணயிக்கப்பட்ட 7.1 சதவீத வட்டி 2025 இறுதி வரை மாறவில்லை. வட்டிக்கு வரி இல்லை. முதிர்வுக் காலம் 15 ஆண்டுகள். மாதத் தவணைக் கட்டாயம் இல்லாததால், பண்டிகைக் காலத்தில் மிகுதியாகவும் மழைக்காலத்தில் குறைவாகவும் வருமானம் பெறுவோருக்கு இது பொருந்தும். கணக்கில் உள்ள தொகையைக் கடனுக்காக நீதிமன்ற ஆணை மூலம் ஜப்தி செய்ய இயலாது என்பது பட்டறை உரிமையாளர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு.

தேசிய ஓய்வூதியத் திட்டம்

2009 மே 1 முதல் அனைத்துக் குடிமக்களும் சேரக்கூடிய இத்திட்டத்தில் பணம் பங்குகள், நிறுவனக் கடன் பத்திரங்கள், அரசுப் பத்திரங்கள் ஆகியவற்றில் முதலீடு செய்யப்படுகிறது. விகிதத்தைச் சந்தாதாரரே முடிவு செய்யலாம். அல்லது வயதுக்கேற்பத் தானாக மாறும் முறையைத் தேர்வு செய்யலாம். அவற்றுள் மிதமான முறையில் 35 வயது வரை 50 சதவீதமாக உள்ள பங்கு முதலீடு, 55 வயதில் 10 சதவீதமாகக் குறையும். இதில் உத்தரவாதம் இல்லை. ஆனால் நீண்ட காலத்தில் விலைவாசியை மிஞ்சும் வாய்ப்பு உண்டு. 2025 டிசம்பரில் திருத்தப்பட்ட விதிகளின்படி, அரசு ஊழியர் அல்லாதோர் ஓய்வின்போது சேர்ந்த தொகையில் குறைந்தது 20 சதவீதத்தை ஓய்வூதியத்துக்காக ஒதுக்க வேண்டும். முன்பு இது 40 சதவீதமாக இருந்தது.

எதைத் தேர்வு செய்வது?

ஒருவர் மூன்றிலும் கணக்கு வைத்திருக்கத் தடை இல்லை. 40 வயதுக்கு உட்பட்டோர் அடல் திட்டத்தை அடித்தளமாக்கி, எஞ்சியதை மற்ற இரண்டில் பிரிக்கலாம். 40 வயதைக் கடந்தோருக்குப் பிந்தைய இரண்டு மட்டுமே உள்ளன. அடல் திட்டத் தவணை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். இருப்பு இல்லாவிடில் தாமதக் கட்டணம் சேரும். எனவே மெலிந்த மாதத்திலும் செலுத்தக்கூடிய தொகையையே தேர்வு செய்வது நல்லது. வருமானம் உயர்ந்தால், ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வூதிய அளவை உயர்த்திக்கொள்ள வாய்ப்பு உள்ளது.